மேல் அளவு ஏறுது, கீழ் அளவு இறங்குது: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழில் வேறு ஏதோ எழுதப்போய், நடுவில் 'வயது ஏற ஏற ரத்தக் குழாய் விறைத்துக்கொள்ளும். நடப்பவர்களுக்கு அது மெதுவாக நடக்கும்' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

எனக்கு வயது 68. பி.பி. 160/70. 'கீழ் அளவு நார்மல்தானே, வயசோட நூறைக் கூட்டிக்கோ, மேல் அளவு அவ்வளவு இருக்கலாம்' என்கிறார்கள் உடன் நடக்கும் நண்பர்கள். மாத்திரை இல்லாமல் நடையிலேயே சமாளிக்கலாமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், துறையூர்

அந்த 'வயசு கூட்டல் நூறு' வாய்ப்பாடு உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்தது அல்ல சார். ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்ததுதான். 1991-இல் அமெரிக்காவில் 'ஷெப்' என்ற ஆய்வின் முடிவு வந்ததும் அதற்குச் சங்கு ஊதியாகிவிட்டது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேர். எல்லோருக்கும் உங்களைப் போலவே மேல் அளவு 160-க்குக் குறையாது, கீழ் அளவு 90-க்குள். ஒரு பகுதியினருக்குக் குளோர்தாலிடோன் என்ற மலிவான பழைய மாத்திரையில் தொடங்கி வைத்தியம் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. வைத்தியம் பெற்றவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. ஆகவே மாத்திரையா நடையா என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

மேலே மட்டும் ஏன் ஏறுகிறது என்பதற்கு வருவோம். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த நாளில் மாணவர்களைப் பிரேதப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போவேன். இருபத்தைந்து வயதில் விபத்தில் இறந்த ஒருவரின் பெருந்தமனியிலிருந்து (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) ஒரு வளையத்தை வெட்டி, இரண்டு விரலில் மாட்டி இழுத்தால் நீளும், விட்டதும் பழைய அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். எழுபத்தைந்து வயதுக்காரரின் வளையம் அகலமாக இருக்கும், உள்புறம் மஞ்சள் படிந்திருக்கும், இழுத்தால் அசையாது. சில சமயம் கத்தரிக்கோல் படும் இடத்தில் முட்டை ஓடு நொறுங்குகிற மாதிரி நறநறவென்று சத்தம் கேட்கும். அது சுண்ணாம்பு.

பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பார்களே, அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் இழை, வெளியே நூல் பின்னல். நாள்பட ரப்பர் இழைகள் அற்றுப்போய் நூல் மட்டும் மிஞ்சும். பட்டையும் தொளதொளவென்று அகன்றுவிடும், இழுத்தாலும் நீளாது. பெருந்தமனியில் ரப்பருக்குப் பதில் எலாஸ்டின், நூலுக்குப் பதில் கொலாஜன். எலாஸ்டினைப் பெரும்பாலும் தாயின் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உடம்பு செய்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அற்றுப்போனதற்கு ஈடாக நல்ல இழை முளைப்பதில்லை. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அறுபது வயதுக்குள் 220 கோடி தடவை அந்தக் குழாய் விரிந்து சுருங்கியிருக்கும். எந்தப் பொருளும் களைத்துத்தான் போகும்.

நெகிழும் குழாய் என்ன செய்யும் என்றால், இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அதை மெதுவாக முன்னே அனுப்பும். விறைத்த குழாய்க்கு அந்த வேலை தெரியாது. தள்ளும்போது முழு வேகமும் சுவரில் மோதுவதால் மேல் அளவு ஏறும். ஓய்வு நேரத்தில் அனுப்பக் கையிருப்பு இல்லாததால் கீழ் அளவு இறங்கும். அதனால்தான் ஐம்பது, ஐம்பத்தைந்து வரை இரண்டும் சேர்ந்து ஏறி, அதன் பிறகு மேலது ஏற கீழது இறங்குகிறது. உங்கள் 70 என்பது நல்ல செய்தி இல்லை சார். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் நிரம்புகின்றன. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 40 பக்கம் இருப்பது நல்லது. வயதானவர்களிடம் 60-ஐத் தொட்டால் கவனிக்கிறோம். உங்களுக்கு 90. இந்தத் துடிப்பின் முழு அடியும் மூளை, சிறுநீரகம் இரண்டின் மெல்லிய குழாய்கள் வரை போய் விழும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

வங்கி வேலை. வயது 52, மாதவிடாய் நின்று இரண்டு வருடம். திங்கள் முதல் வெள்ளி வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. சனி, ஞாயிறு மட்டும் இரண்டு இரண்டு மணி நேரம் நடக்கிறேன். கணக்குப் பார்த்தால் வாரம் 240 நிமிடம். இது போதாதா டாக்டர்?
– வாசகி, நாகர்கோவில்

வங்கிக்காரர், கணக்கில் குறையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம். நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். வாரக் கடைசியில் மட்டும் நடப்பதும் வீண் இல்லை. சும்மா இருப்பவரைவிட அப்படி நடப்பவருக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு என்று பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது ரத்தக் குழாயைப் பற்றி. அதற்கு நேராகவே ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் பெஞ்சமின் லெவின் என்ற இதய மருத்துவரின் குழு 2018-இல் வெளியிட்டது. அறுபது வயது தாண்டிய 102 பேரைத் தேடிப் பிடித்தார்கள். நேற்று ஷூ வாங்கியவர்கள் இல்லை. சுமார் 25 வருடமாக ஒரே பழக்கத்தில் இருப்பவர்கள். வாரம் இரண்டு தடவைகூட உடற்பயிற்சி செய்யாதவர்கள் ஒரு பக்கம், 2-3 தடவை செய்பவர்கள், 4-5 தடவை செய்பவர்கள், 6-7 தடவை பயிற்சி எடுத்துப் போட்டிகளுக்குப் போகும் மூத்த வீரர்கள் என்று நான்காகப் பிரித்தார்கள். ஒரு தடவை என்றால் குறைந்தது அரை மணி நேரம்.

2-3 தடவை செய்தவர்களுக்கு, கழுத்து வழியாகத் தலைக்குப் போகும் நடுத்தரக் குழாய்கள் இளமையாக இருந்தன. மார்பிலும் வயிற்றிலும் போகும் பெரிய குழாய் அதற்கு மசியவில்லை. அது 4-5 தடவைக்காரர்களிடம்தான் இளமையாக இருந்தது. இதே குழு 2014-இல் இதயத் தசையைப் பார்த்தபோதும் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழுந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுப் போட்டு 'நீ நட, நீ நடக்காதே' என்று 25 வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு இல்லை இது. அவ்வளவு காலம் விடாமல் நடக்கிறவர் சாப்பாடு, தூக்கம், புகை எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒழுங்காகத்தான் இருப்பார். அதைக் கழித்துப் பார்த்தாலும் நாள் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதே என் கட்சி. காரணம் இருக்கிறது. ஒரு தடவை நன்றாக நடந்து முடித்தால் அதன்பின் பல மணி நேரம் ரத்த அழுத்தம் கொஞ்சம் தணிந்தே இருக்கும். ஒரு நாள் முழுக்கக்கூட நீடிப்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமை நடந்தது வியாழக்கிழமைக்கு வராது. ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது குழாயின் உள் படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து சுவரின் தசையைத் தளர்த்துகிறது. அதைக் கண்டு சொன்ன மூன்று பேருக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அற்றுப்போன எலாஸ்டினை நடை ஒட்டவைக்காது. மிச்சமிருக்கும் சுவரை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்தும், நரம்பின் முறுக்கைக் குறைக்கும், சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் அடிக்கடி நடக்கவேண்டிய வேலை.

உங்கள் வயதுப் பெண்களுக்கு இன்னொரு செய்தி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நின்ற பிறகு குழாய் விறைப்பு வேகம் பிடிக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் தனாகா என்பவரின் குழு 1998-இல், தொடர்ந்து ஓடிப் பழகிய, மாதவிடாய் நின்ற பெண்களையும் உட்கார்ந்தே இருந்தவர்களையும் இளம்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. உட்கார்ந்திருந்தவர்களிடம் வயதோடு விறைப்பு ஏறியிருந்தது. ஓடியவர்களிடம் அந்த ஏற்றமே தென்படவில்லை.

ஆகவே சனி, ஞாயிறை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். மிச்சத்தைச் செவ்வாய், வியாழன், முடிந்தால் புதனுக்குக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வங்கியைச் சுற்றிப் பதினைந்து நிமிடம், சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்னே இறங்கிப் பதினைந்து நிமிடம். அரை மணி ஆயிற்று.

வயது 71. இதுவரை பயிற்சி என்று ஒன்றும் செய்ததில்லை. இனிமேல் ஆரம்பித்து என்ன புண்ணியம்?
– வாசகர், தேவகோட்டை

புண்ணியம் உண்டு. எவ்வளவு என்று மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நான் சொன்ன தனாகா 2000-இல் இன்னொன்று செய்தார். சராசரி 53 வயதில், உட்கார்ந்தே பழகிய 20 ஆண்களை மூன்று மாதம் பயிற்சியில் போட்டார். பெரும்பாலும் நடைதான், வேறு வித்தை இல்லை. முடிவில் அவர்களுடைய கழுத்துத் தமனியின் நெகிழ்ச்சி, வெகுகாலமாகப் பயிற்சி எடுத்த அதே வயதுக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்துவிட்டது. 2016, 2017 லண்டன் மாரத்தானில் முதல் முறை ஓடப் பெயர் கொடுத்த 138 பேரைப் பயிற்சிக்கு முன்னும், ஓட்டம் முடிந்த பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பயிற்சி ஆறு மாதம். ரத்த அழுத்தம் மேலே 4, கீழே 3 குறைந்தது. பெருந்தமனி நான்கு வயது குறைந்த மாதிரி நெகிழ்ந்திருந்தது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி: அதிகம் பலன் பெற்றவர்கள் வயதானவர்கள், பி.பி. கூட இருந்தவர்கள், மெதுவாக ஓடி முடித்தவர்கள். முன்னால் பாய்ந்த கில்லாடிகள் இல்லை.

இனி மறுபக்கம். டல்லஸ் குழு 53 வயதுப் பக்கம் இருந்தவர்களை இரண்டு வருடம் பயிற்சியில் வைத்தபோது இதயத் தசையே நெகிழ்ந்தது. 65 தாண்டியவர்களை ஒரு வருடம் வைத்தபோது உடல் திறன் நன்றாக ஏறியது, இதயத் தசையின் விறைப்பு அசையவில்லை. ஆஸ்திரேலியாவில், மேல் அளவு மட்டும் ஏறியிருந்த முதியவர்களை எட்டு வாரம் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். பெருங்குழாயில் மாற்றமே இல்லை. எலாஸ்டிக் முழுக்க அற்ற பிறகு எட்டு வாரத்தில் எது மாறும்?

எனவே 71-இல் பெருந்தமனி 40 வயதுக்குத் திரும்பும் என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதீர்கள். மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறலாம், சுகர் கட்டுப்படும், கால் பலம் கூடும், விழுவது குறையும். முதல் மாதம் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுத் தொடரக்கூடாது. பி.பி. 180-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் நடை.

ஏற்கெனவே 71-இல் இருப்பவருக்கு இந்தப் பதில். வீட்டில் 45 வயதில் மகனோ மருமகளோ இருந்தால் இதே பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். பெருங்குழாயை உண்மையில் திருப்பக்கூடிய வயது அவர்களுடையது.

வீட்டு வேலை, வாசல் பெருக்குவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் உடற்பயிற்சிதானே? தனியாக எதற்கு வாக்கிங்?
– இல்லத்தரசி, மணப்பாறை

வேலை செய்யும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால், பயிற்சிதான். குடத்தோடு இருபது படி ஏறுகிறீர்களா, கணக்கில் சேருங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது அலுப்பைத் தரும், குழாய்க்கு வேலை தராது. ஒன்று கவனித்திருக்கிறேன்: 'வீட்டு வேலையே போதும்' என்று அம்மாக்களிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலை செய்யாதவர்கள். அவர்களிடம் இரண்டு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள்.

மகன் வயது 24. தினமும் ஜிம்மில் வெயிட் போடுகிறான். 'வெயிட் தூக்கினால் ரத்தக் குழாய் இறுகும்' என்று எங்கோ படித்தேன். நிறுத்தச் சொல்லட்டுமா?
– தந்தை, ஈரோடு

நிறுத்த வேண்டாம். நீங்கள் படித்ததும் பொய் இல்லை. 2004-இல் ஜப்பானில் மியாச்சி குழு ஆரோக்கியமான இளைஞர்களை வாரம் மூன்று நாள், நான்கு மாதம் கடுமையாக எடை தூக்கவைத்தது. கழுத்துத் தமனியின் நெகிழ்ச்சி 19 சதவீதம் குறைந்தது. பயிற்சியை விட்டதும் பழையபடி ஆகிவிட்டது. ஏன் என்பதற்குக் கனடாவில் 1985-இல் எடுத்த ஓர் அளவைப் பாருங்கள். பளு தூக்கிப் பழகியவர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி, இரண்டு காலாலும் எடையைத் தள்ளும்போது அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். சராசரியாக 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது! மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதுதான் இதில் பெரிய குற்றவாளி.

பையனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள் (நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அப்பா சொன்னால் கேட்க மாட்டான்). தூக்கும்போது மூச்சை விடணும், அடக்கக் கூடாது. ஒரே தடவைதான் தூக்க முடியும் என்கிற எடையில் வீரம் காட்ட வேண்டாம். பத்து, பன்னிரண்டு தடவை தூக்கமுடிகிற எடை போதும். வெயிட் முடிந்தபிறகு இருபது நிமிடம் ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ செய்யணும். வெயிட்டுக்குப் பின் ஓடியவர்களுக்கு அந்த விறைப்பு வரவில்லை என்று ஜப்பானிலேயே பின்னால் பார்த்தார்கள். தசை தேய்கிற வயதில் எடைப் பயிற்சி அவனைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை, அதையும் யோசியுங்கள்.

ஆஞ்சியோவில் 'அடைப்பு இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் விறைப்பும் இல்லை என்றுதானே அர்த்தம்?
– வாசகர், வேலூர்

இல்லை. அடைப்பு என்பது குழாயின் உள்பக்கம் கொழுப்பு படிந்து வழி குறுகுவது. அங்கங்கே திட்டாக வரும். விறைப்பு என்பது சுவரின் நடு அடுக்கு முழு நீளத்துக்கும் மாறிப்போவது. வழி குறுகாது, பெருந்தமனியில் அகலம்கூடக் கூடும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பது சகஜம், ஆனால் ஒன்றில்லாமல் மற்றது வரும். பல வருடம் நீண்ட தூரம் ஓடும் நடுவயது ஆண்கள் சிலருக்கு, அவ்வளவு ஓடியும், இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவு கூடியிருப்பதை 2017-இல் ஐரோப்பாவில் கண்டிருக்கிறார்கள். ஓடுகிறேன் என்பதற்காகக் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

நாடி பிடித்தே விறைப்பைக் கண்டுபிடிக்க முடியுமா? இதற்கு டெஸ்ட் உண்டா?
– மருந்தாளுநர், தென்காசி

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. வயதானவர் மணிக்கட்டில், தோலுக்கடியில் தமனி நெளிந்து நெளிந்து துடிப்பது கண்ணுக்கே தெரியும். விரலால் அழுத்தினால் கயிறு மாதிரி உருளும். அது கைத் தமனியின் கதை, பெருந்தமனியைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும்.

நாடியைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியை 1860-இல் பிரான்சில் மாரே என்ற விஞ்ஞானி செய்தார். அதைத் திருத்தி ஒழுங்காக அளக்கும்படி ஆக்கியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் பிரெடரிக் அக்பர் முகமது. பாட்னாவில் பிறந்து, 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தாரே சேக் தீன் முகமது, அவருடைய பேரன்! வயது ஏறும்போது நாடியின் கோடு எப்படி உருமாறுகிறது, ரத்த அழுத்தம் கூடியவர்களிடமும் அதே உருமாற்றம் எப்படி இளமையிலேயே வந்துவிடுகிறது என்று 1870-களிலேயே வரைந்து காட்டினார். கையில் பட்டை கட்டும் பி.பி. கருவி அப்போது பிறக்கவே இல்லை. 1884-இல், 35 வயதில், டைபாய்டில் போய்விட்டார். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரைத் தேடிக் களைத்திருக்கிறேன்.

இன்றைய டெஸ்ட்டுக்கு நாடி அலை வேகம் என்று பெயர். கழுத்திலும் தொடை இடுக்கிலும் உணரி வைத்து, ஒரு துடிப்பின் அலை இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள். குழாய் விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். இளைஞருக்கு நொடிக்கு 6 மீட்டர் பக்கம்; 10-ஐத் தாண்டினால் விறைப்பு. கை, கால் நான்கிலும் பட்டை கட்டிப் பார்க்கும் மெஷினும் உண்டு. அதன் அளவுகோல் வேறு. அதில் 13 வந்ததைப் பார்த்து 'பத்தைத் தாண்டிவிட்டதே' என்று அலற வேண்டாம். எல்லோரும் ஓடிப்போய் எடுக்கவேண்டிய டெஸ்ட் இல்லை இது. வீட்டு பி.பி. மெஷினில் மேலிருந்து கீழைக் கழித்து நோட்டில் எழுதி வாருங்கள். செலவில்லாத விறைப்பு மானி அதுதான்.

முழங்கால் தேய்மானம். நடந்தால் வலி. எனக்கு வழி உண்டா?
– வாசகி, விருதுநகர்

உண்டு. நிற்கும் சைக்கிள், நீச்சல், இடுப்பளவு தண்ணீரில் நடப்பது எல்லாமே குழாய்க்கு நடைக்குச் சமம். உட்கார்ந்தபடி கையால் சுழற்றும் பெடலும் கிடைக்கிறது. இன்னொன்று, அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சி. 2023-இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தத்தை அதிகம் இறக்கியது இதுதான்: மேலே 8, கீழே 4. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்காருவது அதில் பிரபலம். முழங்கால் அதற்கும் ஒத்துழைக்காது என்றால் கைப்பிடிக் கருவியை முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறுக்கி இரண்டு நிமிடம், ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம், இப்படி நான்கு சுற்று. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கணும். இது பி.பி.யை இறக்கும், மூச்சு வாங்கும் பயிற்சியின் இடத்தை நிரப்பும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடப்பவர்களுக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு தடை இல்லைதானே?
– வாசகர், தூத்துக்குடி

தூத்துக்குடிக்காரரிடம் கருவாட்டைப் பிடுங்க எனக்கு மனமில்லை. ஆனால் உப்பும் குழாயை விறைக்கவைக்கிறது, பி.பி. வழியாக மட்டும் இல்லாமல் தானாகவும். 1980-களில் சீனாவில் உப்பு அதிகம் சாப்பிடும் பெய்ஜிங் பக்கத்து மக்களையும், குறைவாகச் சாப்பிடும் குவாங்சோ கிராமத்து மக்களையும் ஒப்பிட்டார்கள். வயதோடு விறைப்பு ஏறும் வேகம் இரண்டாவது ஊரில் குறைவு. 1988-இல் வெளிவந்த 'இன்டர்சால்ட்' ஆய்வில், உப்பே சேர்க்காத பிரேசில் காட்டு யனோமாமி மக்களின் சராசரி ரத்த அழுத்தம் 96/61. வயதானாலும் அது ஏறவில்லை. அவர்கள் நாள் முழுக்க அலைபவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. கருவாடு சமைக்கும் நாளில் குழம்பில் உப்புப் போடாதீர்கள், அப்பளத்தை மறந்துவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன். வாட்ச் சொல்லும் இதயத் துடிப்பு இலக்கை எட்டவே முடியவில்லை. தவறா?
– வாசகர், சென்னை

தவறில்லை. அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை துடிப்பை ஏறவிடாது. வாட்சைப் பார்க்காமல், பேச முடியும், பாட முடியாது என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் நடை நின்றுபோனது. செய்ததெல்லாம் போச்சா?
– வாசகி, மயிலாடுதுறை

1966-இல், மறுபடி அதே டல்லஸ், ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். எழுந்தபோது மூச்சுத் திறன் படுவீழ்ச்சி. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது! பிறகு ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தார்கள். முப்பது வருடத்தில் இழந்த திறன் திரும்பிவிட்டது.

நீங்கள் படுத்துக் கிடக்கவில்லை, வீட்டில் நடமாடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். குழாய் தளர்ந்ததில் ஒரு பங்கு போயிருக்கும், திரும்ப வரும். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். அடுத்த மழைக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம். மாடிப்படி இருந்தால் பத்து நிமிடம் ஏறி இறங்குவது, ஒரு நாளில் மூன்று தடவை. படி இல்லாத வீடு என்றால் கூடத்தில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடப்பது, ஒரு சீரியல் விளம்பரம் முடியும்வரை. நம் சேனல்களில் அது தாராளமாகவே ஓடுகிறது. ஈரத் தரையில் மட்டும் வேண்டாம், வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர்களை எங்கள் ஊர் எலும்பு டாக்டர் ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறார்.